உப்புமேட்டில் வைக்க வேண்டிய பெயர்

பூவந்தி என்ற பெண் கடமான் ஓடைக்கரைப் பாறையில் நின்று, எதிரே இருந்த உப்புமேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய கன்று நின்றது. நின்றது என்பது ஒரு பேச்சுக்குத்தான். முன்னங்கால்கள் வளைந்து, எப்போது படுக்கலாம் என்று இருந்தது அதற்கு.

“அம்மா, என் பேர் என்ன?”

“இன்னும் வைக்கலடி கண்ணு.”

“எப்ப வைப்பே?”

“நீ உப்பு நக்கற அன்னைக்கு.”

“எப்ப நக்குவேன்?”

பூவந்தி மேட்டுப் பக்கமே பார்த்தாள். கன்று அவள் கழுத்தை நக்க ஆரம்பித்தது. வியர்வையில் கொஞ்சம் உப்பு இருக்குமே என்று அதற்கு ஆசை.

அந்தக் காட்டுக் கடமான்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கன்று பிறந்து முதல் மழை ஓய்ந்ததும் அப்பாவும் அம்மாவும் அதை உப்புமேட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அப்பா தன் கொம்பால் மேல்மண்ணைப் பெயர்த்து, யார் நாக்கும் படாத மண்ணைப் புரட்டிக் கொடுப்பான். அம்மா அதை நக்கி, அதே நாக்கால் கன்றின் வாயைத் தடவி, காதில் பெயரைச் சொல்வாள். அதுவரை அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. உப்பு படாத பெயர் உடம்பில் ஒட்டாது என்று நம்பினார்கள். நம்பிக்கை கிடக்கட்டும், உப்பு இல்லாத கன்றுக்கு எலும்பு கெட்டிப்படாது என்பது எல்லோரும் கண்ணால் பார்த்த விஷயம்.

உப்புமேட்டுக்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. அங்கே யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. சிறுத்தையும் மானும் பக்கத்துப் பக்கத்தில் தலைகுனிந்து நக்கும். அங்கே தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்ப்பது மரியாதை இல்லை. பக்கத்தில் நிற்பவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

இந்த நல்ல வழக்கம்தான் எல்லோரையும் கவிழ்த்தது.

முன்பெல்லாம் அத்திமரத்தடியில் எல்லா விலங்குகளும் கூடிப் பேசித்தான் காட்டு விஷயங்களை முடிவு செய்வார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போகும். குரங்குகள் நடுவில் புகுந்து கத்தும். யானைகள் தூங்கிவிடும். ஆனாலும் எப்படியோ ஒரு முடிவு வரும். ஒருநாள் வளைவால் என்ற செந்நாய் தன் படையோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

“காட்டுல ஒழுங்கே இல்ல! ஆளாளுக்குப் பேசறீங்க. இனிமே பேசறதெல்லாம் நாங்க பேசிக்கறோம். நீங்க மேயற வேலையப் பாருங்க!”

கூட்டமாக நிற்கக் கூடாது என்றான். அபாயக் குரல் எழுப்பக் கூடாது, அது வீண் பீதி என்றான். எதிர்த்துக் கேட்ட யானைகளின் குட்டிகளை மேய்ச்சலில் விரட்டி விரட்டிக் குதறினார்கள். குட்டிகளைக் காப்பாற்ற யானைக் கூட்டம் மேற்கே மூங்கில் காட்டுக்குப் போனது. திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனது. அதை நினைத்தால் வளைவாலுக்குத் தூக்கம் வரவில்லை. யானையை எதிர்த்து நிற்கச் செந்நாயால் ஆகுமா?

அந்த நேரம் பார்த்து மலைக்கு அப்பாலிருந்து காட்டெருதுகள் வந்தன. ஒவ்வொன்றும் பாறை போல இருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் துவைத்துக் காயப்போட்ட மாதிரி வெள்ளை. அவற்றின் தலைவரை எல்லோரும் வெண்காலர் என்று மரியாதையாக அழைத்தார்கள். அவர் பேச்சும் அப்படித்தான், கறை படாத பேச்சு.

“எங்கள் காட்டில் உப்பு தீர்ந்துவிட்டது. உங்கள் மேட்டை எங்களுக்குத் தாருங்கள்” என்றார் வெண்காலர்.

“எங்களுக்கு என்ன தருவீங்க?” என்றான் வளைவால்.

“எங்கள் கொம்புகளைத் தருகிறோம். யானைகள் வந்தால் அவற்றுக்கு முன்னால் நாங்கள் நிற்போம்.”

“தோண்டறது யாரு?”

“அது உங்கள் காட்டின் உள்விவகாரம். அதில் நாங்கள் தலையிடுவதில்லை.”

வளைவால் வாலை ஆட்டினான். பேச்சு முடிந்தது. அத்திமரத்தடியில் ஒரு சாமை அளவு விஷயத்துக்கும் பொழுதெல்லாம் பேசுவார்கள். இது ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது.

மறுநாள் காடெங்கும் செய்தி போனது. “உப்புமேட்டை ஆழமாத் தோண்டி எல்லாருக்கும் நல்ல உப்பு கொடுக்கப்போறோம்! எல்லாரும் வாங்க!”

எல்லோரும் போனார்கள். உப்புமேடு என்றால் பயமில்லையே! வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு ஏறினார்கள். பூவந்தியின் கணவன் கடம்பனும் போனான். அப்போது பூவந்திக்கு நிறைமாதம். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது.

“நீ பைய வா. நான் முன்னால போயி நல்ல மண்ணாப் பார்த்து வைக்கறேன்” என்றான் கடம்பன். நாலடி போய்த் திரும்பி வந்து அவள் காதில் மூக்கை வைத்து, “பொண்ணா இருந்தா என்ன பேருன்னு ஞாபகம் இருக்கில்ல?” என்று கேட்டான்.

“இருக்கு. போங்க.”

அதுதான் அவனிடம் அவள் சொன்ன கடைசிச் சொல். ‘போங்க’ என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு அவள் நினைக்காத நாள் இல்லை.

அவள் சரிவில் ஏறும்போதே பார்த்துவிட்டாள். குனிந்த தலைகளைச் சுற்றிச் செந்நாய்கள் வட்டம் போட்டிருந்தன. ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் குரல் கொடுக்க வாயைத் திறந்தாள். அபாயக் குரல் எழுப்பிய ஒரு புள்ளிமானை முந்தின வாரம்தான் அத்திமரத்தடியில் கிழித்துப் போட்டிருந்தார்கள். வயிற்றில் கன்று உதைத்தது. அவள் வாயை மூடிக்கொண்டு ஓடையைத் தாண்டி ஓடினாள்.

அன்றைக்குப் பிடிபட்டவர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். கடமான்கள் கொம்பால் தோண்டின. பன்றிகள் மூக்கால் தோண்டின. முள்ளம்பன்றிகள் நகத்தால் தோண்டின. தோண்டிய மண்ணை மூக்கால் தள்ளித் தள்ளி மேலே கொண்டுவர வேண்டும். காட்டெருதுகள் விளிம்பில் நின்று நக்கும். குழிக்குள் இறங்குவதே இல்லை, கால் அழுக்காகிவிடுமே! சோர்ந்து விழுந்தவர்கள் சாயங்காலத்துக்குள் காணாமல் போனார்கள். செந்நாய்கள் நன்றாகக் கொழுத்தன.

மேடு குறைந்து குறைந்து தரையானது. தரை பள்ளமானது. பூவந்தி தினமும் பாறையில் நின்று பார்த்தாள். பள்ளத்துக்குள் இருப்பவர்கள் தெரியவில்லை. சில சமயம் ஒரு கொம்பின் நுனி மட்டும் எழும்பி எழும்பித் தாழும். அது அவனுடையதாக இருக்கும் என்று வைத்துக்கொள்வாள். காற்று அந்தப் பக்கமிருந்து வீசினால் ஈர உப்புமண் வாசனை வரும். அவள் நாக்கு தானாக வெளியே வந்து காற்றை நக்கும். பிறகு வெட்கமாக இருக்கும்.

ஒருநாள் காலை, ஓடைக்கரைப் புதரில் சரசரவென்று சத்தம் கேட்டது. பூவந்தி கன்றை மறைத்துக்கொண்டு நின்றாள். வந்தது முள்ளி. பள்ளத்தில் தோண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றி. முதுகில் பாதி முள் இல்லை.

“ஆடிப்போயிட்டியா அக்கா? நான்தான். பக்கவாட்டுல ஒரு வளை குடைஞ்சு வந்துட்டேன். மானும் பன்னியும் அதுல நுழைய முடியாது. உடம்பு சின்னதா இருந்தா இப்படி ஒரு வசதி!”

“அவர்?” என்றாள் பூவந்தி.

“மாமா உயிரோடதான் இருக்கார். எலும்பும் தோலுமா இருக்கார். ஆனா வேலை முடியற நேரத்துல ஒரு காரியம் பண்ணுவார். சுத்தமான மண்ணாப் பார்த்துக் கொம்போட அடியில அப்பிக்குவார். ‘பிள்ளைக்கு’ம்பார். மழை வந்தா கரைஞ்சிடாதான்னு கேட்டேன். கீறல் கீறலா இருக்கற இடத்துல அழுத்தி அழுத்தி வெச்சிருக்கேன், கரையாதுன்னார்.”

பூவந்தி அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். அவன் இருக்கிறான், கன்றை நினைத்துக்கொண்டு இருக்கிறான்!

“முழுசாக் கேளுக்கா” என்றாள் முள்ளி. அவள் குரலில் இருந்த கிண்டல் போயிருந்தது. “மாமாவுக்குக் கொம்பு உதிர்ற காலம் வந்துடுச்சு. இப்பவே ஆடுது. கொம்பு இல்லாத கடமான் எதைவெச்சுத் தோண்டும்? தோண்ட முடியாதவங்கள என்ன பண்றாங்கன்னு உனக்கே தெரியும்.”

வருஷா வருஷம் கொம்பு உதிரும், புதுக்கொம்பு முளைக்கும். அது கடமான்களுக்கு ஓய்வுக்காலம். அந்த ஓய்வுக்காலம் எமனாக வரும் என்று யார் நினைத்தார்கள்?

“நான் வெண்காலர்கிட்ட போய்க் கேக்கறேன்” என்றாள் பூவந்தி.

“அவர்கிட்டயா! வேண்டாங்க்கா. அவர்கிட்ட சொல்றதும் வளைவால்கிட்ட சொல்றதும் ஒண்ணுதான்.”

“அவரும் நம்மள மாதிரி புல்லு தின்னறவர்தானே? அவருக்கும் கன்னு இருக்கே! உப்பு நக்கறவங்களுக்கு உப்போட வழக்கம் தெரியாமப் போகுமா?”

முள்ளி என்னவெல்லாமோ சொன்னாள். ஏக்கம் பிடித்த மனசுக்குப் புத்தி சொல்வது வீண்வேலை. பூவந்தி போனாள்.

ஓடையின் மேல்மடுவில் வெண்காலர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய கன்று துள்ளிக்கொண்டிருந்தது. அதன் கால்கள் எவ்வளவு உறுதியாக இருந்தன! பூவந்தி அதையே பார்த்தாள். அவள் கன்றின் கால்களுக்குப் போகவேண்டிய உப்பு அந்தக் கால்களுக்குள் இருந்தது. ஆனாலும் அந்தக் கன்றின்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

“ஐயா, என் வீட்டுக்காரர் பள்ளத்துல தோண்டறார். கொம்பு உதிர்ற காலம். அவரை விட்டுடச் சொல்லுங்கய்யா! என் கன்னுக்கு இன்னும் பேர்கூட வைக்கல.”

வெண்காலர் பொறுமையாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். “உன் வருத்தம் எனக்குப் புரிகிறது, பெண்ணே. ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் புல் தின்பவர்கள். எங்கள் வாயில் இதுவரை ரத்தம் பட்டதில்லை. நாங்கள் யாரையும் தோண்டச் சொல்லவும் இல்லை.”

“நீங்க சொல்லல ஐயா. ஆனா நீங்க நக்கறதுக்குத்தானே அவங்க தோண்டறாங்க? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க கேப்பாங்க. உங்க கொம்பு இல்லாம அவங்களால இங்க உட்கார முடியாது.”

வெண்காலர் இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு, “உன் கணவர் பெயர் என்ன?” என்று கேட்டார்.

“கடம்பன்!” என்றாள் பூவந்தி. அந்தப் பெயரை எத்தனை நாள் கழித்து வாய்விட்டுச் சொல்கிறாள்! சொல்லும்போதே இனித்தது. “கடம்பன், ஐயா. இடது காது கிழிஞ்சிருக்கும்.”

“சரி. உரியவர்களிடம் சொல்கிறேன்.”

அவள் துள்ளிக்கொண்டு திரும்பினாள். அன்றெல்லாம் கன்றோடு பாறையைவிட்டு நகரவில்லை. “அப்பா வருவார் பாரு! வந்ததும் உனக்குப் பேரு!”

வந்தது முள்ளிதான். வளை வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானம் வந்தாள். வந்தவள் மண்ணையே கிளறிக்கொண்டிருந்தாள்.

“சொல்லு” என்றாள் பூவந்தி.

“வளைவால் விளிம்புல வந்து நின்னான். ‘இதுல கடம்பன் யாரு? உன் பொண்டாட்டி வெளியாளுங்ககிட்ட போய் நம்ம காட்டைப் பத்திக் குறை சொல்லியிருக்கா!’ன்னு கத்தினான். மாமா தலையத் தூக்கி, ‘நான்தான். அவ நல்லா இருக்காளா?’ன்னு கேட்டார். அவ்வளவுதான் கேட்டார், அக்கா.”

பூவந்தி பாறையிலிருந்து குதித்தாள். அவள் நேராக மேல்மடுவுக்கு ஓடினாள். கடிபட்டாலும் படட்டும் என்று ஓடினாள்.

“என்ன பண்ணீங்க? என்ன பண்ணீங்க!”

வெண்காலர் ஒரு காலை எடுத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டார். “உன் குறையை உரியவர்களிடம் சேர்த்துவிட்டோம். அதன் பிறகு நடந்தது இந்தக் காட்டின் உள்விவகாரம்.”

பூவந்தி திரும்பி வந்தாள். அழக்கூட இல்லை. பெயரைத் தன் வாயாலேயே கொடுத்தோமே என்ற நினைப்பு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. கன்று, “அப்பா வரலையா?” என்று கேட்டது. அவள் அதன் நெற்றியை நக்கினாள். நக்கிக்கொண்டே இருந்தாள்.

மழைக்காலம் வந்தது. பள்ளத்தில் தோண்டுபவர்கள் ஒரு பிடிதான் மிஞ்சினார்கள். மண்ணை மேலே தள்ள யாருக்கும் தெம்பில்லை. கீழே உப்பு இருக்கிறது, மேலே வரவில்லை. காட்டெருதுகள் வேறு வழியில்லாமல் தாங்களே குழிக்குள் இறங்கின. கன்றுகளையும் கூட்டிக்கொண்டுதான் இறங்கின. சரிவெல்லாம் சேறு. இறங்குவது சுலபமாக இருந்தது. ஏற முயன்றபோதுதான் கால் வழுக்கியது.

செந்நாய்கள் விளிம்பில் வந்து உட்கார்ந்தன. தோண்டுபவர்கள் குறைந்ததால் அவற்றுக்குப் பல நாளாகப் பசி. கொழுத்துப் பழகிய வயிறு சும்மா இருக்குமா? வளைவாலின் கண் ஒரு கன்றின்மேல் போய் நின்றது.

“என்ன பார்க்கிறாய்? நமக்குள் உடன்படிக்கை இருக்கிறது!” என்றார் வெண்காலர்.

“இருக்கு. யாரு தோண்டறாங்க, யாரைத் தின்னறோம்கறது எங்க உள்விவகாரம்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப நீங்க உள்ளதானே இருக்கீங்க!” என்று சொல்லிவிட்டு வளைவால் பாய்ந்தான்.

படை முழுவதும் பாய்ந்தது. சேற்றில் புதைந்த காட்டெருதுகளால் திரும்பக்கூட முடியவில்லை. ஒரு கன்றின் அலறல் எழுந்து, சட்டென்று அடங்கியது. வெண்காலர் தலையைத் தூக்கினார். மழையில் இடிந்து தாழ்ந்திருந்த ஓடைப்பக்க விளிம்பு வழியாக, எதிர்ப்பாறையில் பூவந்தி நிற்பதைப் பார்த்தார்.

“பெண்ணே! குரல் கொடு! யாரையாவது கூப்பிடு!”

அவருடைய சொற்கள் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. உள்விவகாரம் என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். சொன்னால் யார் அவளைக் குறை சொல்ல முடியும்? அப்போது, மடுவில் துள்ளிய அந்தக் கன்று சேற்றில் முட்டிபோட்டு நிற்பதைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் மிஞ்சிய தோண்டுபவர்கள் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குச் சரிவில் அவள் மூடிக்கொண்ட வாய் ஞாபகம் வந்தது.

பூவந்தி வாயைத் திறந்தாள். கடமானின் அபாயக் குரல் காடு முழுக்கக் கேட்கும். வெகுகாலமாக அதை யாரும் கேட்டிருக்கவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒளிந்திருந்த மான்கள் ஒவ்வொன்றாக அதே குரலை எடுத்தன. குரங்குகள் எடுத்தன. மயில்கள் எடுத்தன. மூங்கில் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அது.

யானைகள் வந்தன. அவற்றைத் தடுக்க வழியில் ஒரு கொம்பும் நிற்கவில்லை. எல்லாக் கொம்புகளும் சேற்றில் இருந்தன. கொம்புவேலி இல்லாத செந்நாய்கள் எவ்வளவு சின்னவை என்று காடு அன்றைக்குத்தான் பார்த்தது. வளைவால் ஓடிய வேகத்தைக் குரங்குகள் இன்னும் நடித்துக் காட்டுகின்றன.

யானைகள் தும்பிக்கை கொடுத்து எல்லோரையும் தூக்கிவிட்டன. மடுவில் துள்ளிய கன்று தப்பியது. முதலில் அலறிய அதன் தம்பி தப்பவில்லை. வெண்காலர் பூவந்தியின் முன்னால் வந்து நின்றார். நாலு கால்களும் முழங்கால்வரை சிவந்திருந்தன.

“நாங்கள் யாரையும் கடிக்கவில்லை” என்றார். பழக்கதோஷம், வேறொன்றும் சொல்ல வரவில்லை அவருக்கு.

“தெரியும். ஓடையில கழுவிட்டுப் போங்க. போகுதான்னு பாருங்க” என்றாள் பூவந்தி.

காட்டெருதுகள் மலையேறிப் போயின. அத்திமரத்தடியில் மறுபடி கூட்டம் கூடியது. குரங்குகள் நடுவில் புகுந்து கத்தின. ஆனால் உப்புமேடு திரும்பி வரவில்லை. அது இருந்த இடத்தில் கலங்கல் தண்ணீர் நின்றது.

பூவந்தி கன்றோடு பள்ளத்தின் ஓரமாக நடந்து நடந்து தேடினாள். முள்ளிதான் முதலில் பார்த்தாள். கரைச் சேற்றில் ஒரு கொம்பு கிடந்தது. தானாக உதிர்ந்ததா, வேறு எப்படியாவது வந்ததா என்று பூவந்தி கேட்கவில்லை, முள்ளியும் சொல்லவில்லை. கொம்பின் அடிப்பக்கக் கீறல்களில் வெள்ளைமண் அழுத்தி அழுத்தி அப்பியிருந்தது. இத்தனை மழைக்கும் கரையவில்லை.

அப்பா புரட்டிக் கொடுக்க வேண்டிய மண். கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.

பூவந்தி அதை நக்கினாள். அவள் ஏங்கிக் கிடந்த உப்பு, அவனுடைய உப்பு, நாக்கெல்லாம் பரவியது. கன்றின் வாயைத் தடவினாள். குனிந்து காதில் சொன்னாள்.

“மகிழி.”

கன்று காதை ஆட்டியது. “இதத்தான் இத்தனை நாளா வாயில வெச்சிருந்தியா?”

“ஆமாடி. உங்கப்பா வெச்ச பேரு.”

“இன்னொரு தடவை சொல்லு!”

“மகிழி.”

கடித்துத் தோண்டவைத்த உப்பைத் தின்றவர், நான் கடிக்கவில்லையே என்று வாயைத் துடைத்துக்கொள்ள முடியாது. அந்தக் கடியில் அவருக்கும் பங்கு உண்டு.